பந்தடியில் வென்றது யார்?

கொங்குவேளிரின் பெருங்கதையில் வரும் பந்தடிப் பகுதியை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். ஆடும் மகளிரின் கூந்தல், இடை, வளை என விளக்கம் நீண்டுகொண்டே போயிற்று. ஆலத்தியூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "கடைசியில ஜெயிச்சது யாரு ஐயா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது; நாமும் சிரித்துவிட்டோம். அப்பகுதியைப் பற்றி முதலில் கேட்கத்தக்க கேள்வி அதுதான் என்பது பிறகே உறைத்தது.

நம் இலக்கியத்தில் பந்தாடும் பெண்களுக்குக் குறைவில்லை. சீவக சிந்தாமணியில் விமலை ஆடுகிறாள். குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி ஆடுகிறாள். அவர்களை எதிர்த்து ஆடி வெல்லவோ தோற்கவோ அங்கே எவருமில்லை. புலவரின் கண் பந்தின்மேல் இல்லை. பெருங்கதை இதில் வேறுபடுகிறது. பெண்கள் ஒருவரையொருவர் விஞ்ச ஆடுகிறார்கள். அடிகள் ஆயிரக்கணக்கில் எண்ணப்படுகின்றன. வெல்பவள் மானனீகை. ஆயினும் அவ்வெற்றியால் விளைவது என்ன? உதயணன் அவள்மீது காதல் கொள்கிறான். எண்ணிக்கை அத்துடன் மறக்கப்படுகிறது.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? 1962இல் மாஸ்கோவில் நடந்த உலக மகளிர் கைப்பந்துப் போட்டியில் சோவியத் அணியை அதன் மண்ணிலேயே ஜப்பான் வென்றது. அந்த வீராங்கனையருள் பெரும்பாலோர் ஒசாகாவை அடுத்த கைசுகாவில் இருந்த நூற்பாலை ஒன்றின் ஊழியர்கள். பகலில் ஆலை வேலை, அது முடிந்தால் நள்ளிரவு வரை பயிற்சி. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றபோது தங்கமும் அவர்களுக்கே. உலகம் அவர்களுக்குச் சூட்டிய பெயர் 'கீழ்த்திசைச் சூனியக்காரிகள்'. தோற்றிருந்தால் அழகிகள் என்றிருப்பார்கள்; வென்றதால் சூனியக்காரிகள். உழைத்தவர்கள் என்று சொல்ல மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இத்தாலிய மகளிர் தங்கம் வென்றனர். நைஜீரியப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்த பாவோலா எகோனு இறுதியாட்டத்தில் 22 புள்ளிகள் எடுத்தார். ரோம் நகரச் சுவரொன்றில் அவருடைய ஓவியம் தீட்டப்பட்டது. சில நாட்களிலேயே யாரோ அவ்வோவியத்தின் கரிய தோலின்மீது இளஞ்சிவப்பு வண்ணத்தைப் பூசிவிட்டார்கள். 22 என்ற எண்ணைவிட அவர்கள் கண்ணை உறுத்தியது தோலின் நிறம். 2025 செப்டம்பர் 7 அன்று பாங்காக்கில், 32 நாடுகள் கலந்துகொண்ட உலகப் போட்டியின் இறுதியில், துருக்கியை ஐந்து செட்களில் வென்று இத்தாலி உலகப் பட்டமும் பெற்றது. எகோனு அந்த அணியிலும் ஆடினார்.

ரோம் நகரச் சுவரும் ஆலத்தியூரும் நெடுந்தொலைவில் இல்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் உள்ள ஊர் அது. கேள்வி கேட்ட மாணவி பன்னிரண்டாம் வகுப்புவரை பள்ளி அணியில் கைப்பந்து ஆடியவள் என்று பின்னர் அறிந்தோம். ஏன் விட்டாய் என்றோம். "வெயில்ல கறுத்துப் போறேன்னு வீட்டுல நிறுத்திட்டாங்க ஐயா" என்றாள். அவள் எடுத்த புள்ளிகளை வீட்டில் யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

வீட்டாரை மட்டும் குறைகூற நமக்குத் தகுதியில்லை. ஆண்டுதோறும் தேர்வில் 'பந்தடியின் வருணனை நயங்களை விளக்குக' என்றுதான் கேட்டு வந்திருக்கிறோம். பார்க்க வேண்டியது உடலே என்று நாமும்தான் கற்பித்திருக்கிறோம். வருணனையின் அழகை மறுக்கச் சொல்லவில்லை. அதைப் படிக்கும்போதே அடிகளையும் எண்ணலாமே என்கிறோம்.

அடுத்த பருவத் தேர்வின் வினாவை மாற்றிவிட்டோம்: 'பந்தடியில் வென்றவர் யார்? எத்தனை அடிகளில்?' அம்மாணவி இதற்கு முழு மதிப்பெண் பெறுவாள். மைதானத்திற்கு அவள் திரும்புவாளா என்பதற்கு விடைத்தாளில் இடமில்லை.