முதல் இரண்டு நாள்

ஆலைத் தொழிலாளி ஒருவனுக்குத் திங்கட்கிழமை காலையில் ஜுரம் காண்கிறது. செவ்வாயும் படுத்திருக்கிறான். புதன்கிழமை எழுந்து வேலைக்குப் போகிறான். இந்த இரண்டு நாளுக்கும் தொழிலாளர் ஸ்டேட் இன்ஷூரன்ஸ் நிதியிலிருந்து அவனுக்குக் கிடைப்பது என்ன? 1950ம் வருஷத்து விதிகள் வகுத்த முறைப்படி ஒரு காசும் கிடையாது. பதினைந்து நாளுக்குள் மறுபடி நோயுற்றாலன்றி, முதல் இரண்டு நாளும் கணக்கில் சேரா. ஏட்டில் இது சிறிய விதிதான். ஏழையின் அடுப்பங்கரையில் அது சிறிய விஷயமல்ல.

திட்டத்தை நாம் குறை கூறவில்லை. பேராசிரியர் ஆதார்கர் 1944ல் அளித்த அறிக்கையை அஸ்திவாரமாகக் கொண்டு, சுதந்திரம் பெற்ற மறு வருஷமே இதற்குச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24ந் தேதி கான்பூரில் பண்டித நேரு இதைத் தொடங்கிவைத்தார். நோயுற்ற தொழிலாளிக்கு வருஷத்தில் 91 நாள் வரை, சராசரிக் கூலியில் நூற்றுக்கு 70 வீதம் கொடுக்கும் ஏற்பாடு தேசத்திற்குப் பெருமை தருவதே. ஆனால் இது தர்மமல்ல. 2019 ஜூலையில் நிர்ணயித்த விகிதப்படி, கூலியில் நூற்றுக்கு முக்கால் பங்கைத் தொழிலாளியும், மூன்றேகால் பங்கை முதலாளியும் செலுத்துகிறார்கள். தன் பணமும் சேர்ந்த நிதியில் உரிமை கேட்பவனை யாசகனாக நடத்துவது நியாயமாகாது.

இரண்டு நாள் விலக்குக்குச் சொல்லும் காரணம் ஒன்றே: பொய் நோய் சொல்லி லீவு எடுப்பவர்களைத் தடுக்க வேண்டும் என்பது. அப்படிப்பட்டவர்கள் இல்லையென்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் இந்த விதியால் தண்டனை அடைபவன் யார்? பொய்யன் ஐந்து நாளுக்குச் சர்டிபிகேட் வாங்கிக்கொள்கிறான். இரண்டு நாளில் குணமாகி வேலைக்குத் திரும்பும் யோக்கியனே கூலியை இழக்கிறான். அல்லது அந்த நஷ்டத்திற்கு அஞ்சி, ஜுரத்தோடு இயந்திரத்தின் முன் நின்று, பக்கத்திலுள்ளவர்களுக்கும் நோயைப் பரப்புகிறான். நோயாளி வீட்டிலிருப்பதே ஊருக்குச் செய்யும் உபகாரம் என்று 2020ல் கொரோனா பரவியபோது சர்க்காரே பறைசாற்றியது. அந்த உபகாரத்தைத் தொழிலாளி மட்டும் தன் கூலியைப் பறிகொடுத்துச் செய்ய வேண்டுமா?

பிரிட்டனைப் பாருங்கள். அங்கே 1982 முதல், நோயின் முதல் ஏழு நாளுக்குத் தொழிலாளி தானே எழுதிக் கையெழுத்திடும் வாக்குமூலமே போதும். அதற்கு மேல் போனால்தான் டாக்டர் சர்டிபிகேட். முதல் மூன்று நாளுக்குப் பணமில்லை என்ற விதி அங்கும் வெகுகாலம் இருந்தது. அதை ஒழிக்க 2025ல் சட்டம் செய்துவிட்டார்கள். நம்மை நம்பாமல் ஆண்டு சென்றவர்கள் தங்கள் தொழிலாளியின் சொல்லை நம்புகிறார்கள். சுயராஜ்ய சர்க்கார் தன் தொழிலாளியின் சொல்லை நம்பக்கூடாதா?

இது அந்நியச் சரக்கு என்றும் யாரும் தள்ளிவிட முடியாது. சென்னை மாகாணத்தில் 1947ல் இயற்றிய கடைகள், ஸ்தாபனங்கள் சட்டம், நோயுற்ற சிப்பந்திக்கு வருஷத்தில் 12 நாள் வரை சம்பளத்துடன் லீவு அளித்தது. கடைச் சிப்பந்திக்கு அன்றே ஒப்புக்கொண்ட நியாயம் ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் எப்படி ஒவ்வாததாகும்?

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் ஸ்தானத்தைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு ஏற்றிருக்கிறது. சட்டம் புதிதானால் போதாது. விதியும் புதிதாக வேண்டும். முதல் நாளிலிருந்தே நோய்க்காலப் பணம் கொடுக்க வேண்டும். முதல் மூன்று நாளுக்குத் தொழிலாளியின் வாக்குமூலத்தையே ஒப்புக்கொள்ள வேண்டும். பொய் சொன்னதாக ருசுவானால், சொன்னவனைத் தண்டிக்கட்டும். சொல்லாதவர்களையெல்லாம் தண்டிக்க வேண்டாம்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. நோயுற்றவன் ஷிப்டு ஆரம்பிக்கும் முன்பே தகவல் அனுப்பும் வழக்கத்தை அவை வற்புறுத்த வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டால் அவன் வேலையும் சேர்ந்து தோழன் தலையில் விழும். பொய் லீவுக்குச் சங்கம் பரிந்து பேசவும் கூடாது. நம்பிக்கையைக் கேட்பவர்கள் அதற்குப் பாத்திரர்களாகவும் இருக்க வேண்டும். அப்படி இருப்பவர்களிடம் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ள எந்த சர்க்காருக்கும் முகமிராது.