தீயணைக்க மராத்தி எதுக்குங்க?

புனேயில் தமிழர்கள் நாலு பேர் கூடினால் ஒரு புலம்பல் நிச்சயம். "இங்கே எல்லாம் மராட்டிக்காரனுக்குத்தான் சார், நம்ம பசங்களுக்கு ஒரு கவர்ன்மென்ட் வேலையும் தர மாட்டான்." ராஸ்தா பேட்டில் ஒரு வளைகாப்புப் பந்தியிலும் இதே பாட்டுதான். இந்த முறை மாட்டியது தீயணைப்புத் துறை. "நெருப்பை அணைக்க மராத்தி எதுக்குங்க? தண்ணி அடிக்கத் தெரிஞ்சா போதாதா?" என்றார் ஒருவர். பந்தியே சிரித்தது. (அடுத்து வந்த ஜோக்கை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம் :-))

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் புலம்பலில் பாதி பொய், மீதி சோம்பேறித்தனம்.

முதலில் விவரம். தீயணைப்பு மத்திய அரசு வேலை இல்லை. அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணை அதை நகராட்சிகளின் பணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் மாநிலம் முழுவதற்கும் ஒரே துறை. இங்கே அப்படியில்லை. புனே மாநகராட்சிக்கு ஒரு படை, பிம்ப்ரி சிஞ்ச்வட்டுக்குத் தனிப்படை, கன்டோன்மென்டுக்கு வேறொன்று. புனே மாநகராட்சி ஃபயர்மேன் வேலைக்கு விளம்பரம் வரும்போது கேட்பது இவ்வளவுதான்: பத்தாம் வகுப்பு, மும்பையில் இருக்கும் மாநில தீயணைப்புப் பயிற்சி மையத்தின் ஆறு மாதப் பயிற்சி, ஆண்களுக்கு 165 செ.மீ. உயரம், 81 செ.மீ. மார்பு, மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ., கொஞ்சம் கம்ப்யூட்டர், மகாராஷ்டிர வசிப்பிடச் சான்று. கூடவே மராத்தி எழுத, படிக்க, பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் எது நம் பையனால் முடியாதது? வசிப்பிடச் சான்றுக்கு 15 வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். கட்கியிலோ தேஹு ரோட்டிலோ பிறந்து வளர்ந்தவனுக்கு அது வெறும் காகித அலைச்சல். தடுக்கி விழுவது கடைசி வரியில்தான்.

அந்த வரி அநியாயமா? ராத்திரி இரண்டு மணிக்கு 101-க்குப் போன் வருகிறது. கஸ்பா பேட்டில் ஒரு பழைய வாடா. (வாடா என்றால் நடுமுற்றமும் மரப்படிகளுமாக நிற்கும் பழைய புனே வீடு. 'வாடா போடா' இல்லை.) ஒரு பாட்டி அழுதுகொண்டே பேசுகிறாள். எந்தச் சந்து, எத்தனையாவது மாடி, சிலிண்டர் எங்கே இருக்கிறது, பேரன் எந்த அறையில் தூங்குகிறான் என்பதெல்லாம் மராத்தியில்தான் வரும். "ஆன்ட்டி, ஹிந்தி மே போலியே" என்று கேட்டுக்கொண்டு நிற்பீர்களா? கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். அன்று அந்தப் பள்ளி வாசலுக்குத் தமிழ் தெரியாத தீயணைப்புப் படை வந்து நின்றிருந்தால் நாம் சும்மா விட்டிருப்போமா?

எழுதுவதும் அப்படித்தான். கடை எரிந்தால் இன்சூரன்ஸ் க்ளெய்முக்கு ஃபயர் பிரிகேட் ரிப்போர்ட் கேட்பார்கள். வங்கியில் நான் புரட்டியவை மராத்தியில் இருந்தன. எத்தனை மணிக்கு அழைப்பு, என்ன எரிந்தது, எவ்வளவு மிஞ்சியது என்று ஒவ்வொரு வரியிலும் ஒருவனுடைய முதல் மாட்டிக்கொண்டிருக்கும்.

"சரி, நம்ம ஊருக்கே போய்ப் பரீட்சை எழுதட்டும்" என்பார்கள். எழுதட்டுமே! தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர்களோடு சேர்த்துத்தான் தீயணைப்பாளர்களையும் எடுக்கிறது. அங்கேயும் பத்தாம் வகுப்பு போதும். ஆனால் தமிழ் மொழித் தகுதித் தேர்வு உண்டு. அதில் தேறினால்தான் மற்ற விடைத்தாளையே திருத்துவார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழில் ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதுவார்கள்? இங்கே மராத்தி இல்லை, அங்கே தமிழ் இல்லை. இங்கிலீஷ் மீடியத்துக்கு லட்சம் லட்சமாகக் கட்டி, பையனை இரண்டு மாநிலத்துக்கும் வெளியே நிறுத்திவிட்டோம். பழியை மட்டும் மராட்டிக்காரன் தலையில் போடுகிறோம். 2020-ல் எல்லா போர்டு பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தபோது யார் அதிகம் முனகினார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

மராத்தி என்ன மலையா? ஹிந்தி படித்த பையனுக்கு எழுத்து ஏற்கெனவே தெரியும். புதிதாக வருவது 'ள' ஒன்றுதான். வட இந்தியன் அதற்குத் திணறுவான். தமிழன் திணறலாமா? :-)

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "பத்தாம் கிளாஸ் வேலை சார், பொண்ணு எவன் குடுப்பான்?" இவர்களுக்கு நாக்பூர் தேசியத் தீயணைப்புக் கல்லூரி பற்றித் தெரியாது. உள்துறை அமைச்சகத்தின் கீழ் 1957 முதல் அங்கே நடக்கிறது. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்தவர்களுக்கு ஃபயர் இன்ஜினியரிங்கில் பி.இ. உண்டு. சேர்வதற்கு மராத்தி கேட்பதில்லை. 2002-ல் அங்கே முதல் பெண்ணாகச் சேர்ந்த ஹர்ஷினி கன்ஹேகர் பிறகு ஓ.என்.ஜி.சி.யில் தீயணைப்பு அதிகாரியானார். நம் ஊரில் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் 2003-ல் குரூப் 1 எழுதித் தீயணைப்பு அதிகாரிகளாக வந்தவர்கள். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகத்தின் கலச மஹால் எரிந்தபோது பிரியா உள்ளே போய்த் தீக்காயத்தோடு வெளியே வந்தார். கூடப் போன வீரர் ஒருவர் திரும்பவில்லை.

இங்கேயும் திரும்பாதவர்கள் உண்டு. 2019 டிசம்பரில் தாபோடியில் குழியில் சிக்கியவரை மீட்க இறங்கிய பிம்ப்ரி சிஞ்ச்வட் வீரர் மண் சரிந்து இறந்தார். 2021 மார்ச்சில் ஃபேஷன் ஸ்ட்ரீட்டில் நானூறுக்கும் மேற்பட்ட கடைகள் எரிந்தன. தீயை அணைத்துவிட்டு வீடு திரும்பிய கன்டோன்மென்ட் தீயணைப்பு அதிகாரி வழியில் விபத்தில் போய்ச் சேர்ந்தார். பந்தியில் உட்கார்ந்து தண்ணி ஜோக் அடிக்கிறவர்கள் அந்தத் தெருவில்தான் பேரம் பேசி ஜீன்ஸ் வாங்கினார்கள்.

நாங்குநேரிக்காரர் ஒருவர் மகனோடு கிளைக்கு வந்தார். கையில் ஏதோ தனியார் இன்ஸ்டிடியூட்டின் 'ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமா' நோட்டீஸ். கல்விக்கடன் வேண்டுமாம். "இதை முடிச்சா கார்ப்பரேஷன்ல ஃபயர்மேன் ஆயிரலாம்னு சொல்லுதாங்க சார்."

"அண்ணாச்சி, இதை வச்சுக் கம்பெனி வேலைக்குப் போகலாம். கார்ப்பரேஷன் கேக்கறது மும்பை சென்டர் சர்டிபிகேட். அது வேற, இது வேற" என்றேன். பையனிடம் மராத்தியில் நாலு வார்த்தை பேசினேன். என்னைவிடச் சரளமாகப் பேசினான், கிரிக்கெட் மைதானத்து மராத்தி. வீட்டு விலாசத்தை மராத்தியில் எழுதச் சொன்னதும் ஹிந்தியில் எழுதினான்.

உயரம் கேட்டேன். 168. தமிழ்நாட்டில் பொதுப் பிரிவுக்கு 170 வேண்டும், இங்கே 165 போதும் என்றதும் அண்ணாச்சி முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். "அப்ப இந்த ஊர்தான் இவனுக்குச் சரி" என்று நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மராத்தி டியூஷனுக்கு லோன் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். எங்கள் கிளை அட்டெண்டர் ஷிண்டே மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள் என்று கூப்பிட்டு அறிமுகம் செய்துவைத்தேன்.