கரடிக்குட்டியும் எங்கட கமராவும்

2024 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஆஷ்வில் நகரில் எடுக்கப்பட்ட ஒரு வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. உங்கட போனுக்கும் வந்திருக்கும். ஒரு தொடர்மாடிக் குடியிருப்பின் வேலியோரம் மரம், மரத்தில் கறுப்புக் கரடிக்குட்டிகள். கீழே சில பேர் எட்டி எட்டி அவற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு பெண் குட்டியைத் தூக்கிவைத்துப் படத்துக்கு நிற்கிறார். பிறகு வனவிலங்கு அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது ஒரு குட்டி நனைந்து, குளிரில் விறைத்து, முன்னங்காலை ஊன்ற முடியாமல் இருந்தது. அதைப் பராமரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இழுத்த ஆக்கள் மீது வழக்கு இல்லை.

அந்த ஆக்களைத் திட்டுவது லேசு. பின்னூட்டங்களில் அது தாராளமாக நடந்தது. ஆனால் வீடியோவைப் பார்த்தால் அதில் வன்மம் ஒன்றும் தெரியவில்லை. குட்டி வடிவாக இருக்கு, தூக்க ஆசை வந்திருக்கு, அவ்வளவுதான். எங்களுக்கு யோசனை தருவது இந்த ஆசைதான். ஏனென்றால் "விலங்குகளை நேசியுங்கோ" எண்டுதான் எல்லாரும் படிப்பிக்கிறார்கள்.

கறுப்புக் கரடி ஜனவரி மட்டில் குகைக்குள் குட்டி போடும். பிறக்கும்போது அரைக் கிலோகூட இராது, கண்ணும் திறக்காது. தாய் மாதக்கணக்காகச் சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் கிடந்தபடியே பால் கொடுக்கும். ஏப்ரலில் வெளியே வருகிற குட்டி வெறும் மூன்று மாதக் குழந்தை. ஆபத்தென்றால் தாய் அதை மரத்தில் ஏற்றிவிடும். இரை தேடப் போகும்போதும் அப்படித்தான், திரும்பிவரச் சிலவேளை மணித்தியாலக் கணக்காகும். ஆகவே மரத்தில் தனியே இருக்கிற குட்டியை அநாதை என்று நினைக்கக்கூடாது. "காப்பாற்ற" என்று கை வைக்கிறவர்கள் தாயிடமிருந்துதான் அதைப் பிரிக்கிறார்கள்.

இதையெல்லாம் சனம் அறியவேண்டுமென்று ஒரு மனிதர் பல தசாப்தங்களாகப் பாடுபட்டார். மினசோட்டா மாநிலத்து ஈலி ஊர் ஆய்வாளர் லின் றொஜர்ஸ். 2010 ஜனவரியில் லிலி என்ற கரடி குட்டி ஈன்றதை, குகைக்குள் வைத்த கமரா நேரலையாகக் காட்டியது. குட்டிக்கு ஹோப் என்று பெயர் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான சனம் வேலையை விட்டுவிட்டு அந்த இருட்டுக் குகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வகுப்பறைகளிலும் பிள்ளைகள் பார்த்தார்கள். மே மாதம் லிலி குட்டியை விட்டுப் பிரிந்தபோது ஆய்வாளர்கள் தலையிட்டுச் சேர்த்துவைத்தார்கள். 2011 செப்டம்பரில் ஹோப்பை ஒரு வேட்டைக்காரர் சுட்டார். அங்கே கரடி வேட்டை சட்டபூர்வமானது. அவ்வளவு பேருடைய அன்பும் அந்த ஒரு துப்பாக்கிக்கு முன்னால் செல்லவில்லை.

கமராவில் எங்களுக்குக் குறை இல்லை. கரடிக்குத் தன்னை யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது, அதன் பழக்கமும் மாறாது. றொஜர்ஸின் மற்ற முறையில்தான் சிக்கல். அவர் கையாலேயே தீனி கொடுத்துக் கரடிகளைத் தன்னோடு பழக்கினார். சனம் கரடியைச் சுடுவது பயத்தால்தான், கிட்டப் பார்த்தால் பயம் போய்விடும் என்பது அவருடைய நியாயம். மாநில அரசோ, பழகின கரடி மற்ற ஆக்களிடமும் சாப்பாடு தேடிப் போகும், அது ஆபத்து என்று சொல்லி 2013இல் அவருடைய அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. நீதிமன்றமும் அரசின் பக்கமே நின்றது. எங்களுக்கும் அரசு சொன்னதுதான் சரியாகப் படுகிறது. மனிதக் கை என்றால் சாப்பாடு என்று அங்கே பாடம் படித்தது கரடி. அடுத்த வீட்டுக்காரர் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லையே.

பயத்தைப் பற்றி றொஜர்ஸ் சொன்னது முழுப்பிழையும் இல்லை. ஸ்டீவன் ஹெரேரோவும் கூட்டாளிகளும் 1900 முதல் 2009 வரையான பதிவுகளைத் தேடினார்கள். அமெரிக்கா, கனடா முழுவதிலும் காட்டுக் கறுப்புக் கரடிகளால் செத்தவர்கள் 63 பேர். 110 வருசத்துக்கு! அதிலும் பெரும்பாலும் கொன்றது தனியே திரிந்த ஆண் கரடி, இரை பிடிப்பதுபோல் பின்தொடர்ந்து. "குட்டியோட நிற்கிற தாய்தான் கொல்லும்" என்று எல்லாரும் சொல்வது இந்த இனத்துக்குப் பெரிதாகப் பொருந்தவில்லை.

அப்போ எதைப் படிப்பிக்கலாம்? குப்பைத் தொட்டியைக் கரடி திறக்கமுடியாதபடி பூட்டு, வசந்தம் வந்ததும் பறவைத் தீனியைக் கழற்றி உள்ளே வை, நாய்ச் சாப்பாட்டை முற்றத்தில் விடாதே. கேட்கவே சப்பென்று இருக்கு, இதற்கு யார் லைக் போடுவார்? ஆனால் குப்பை தின்னப் பழகின கரடி வீடுகளுக்குள்ளும் புகத் தொடங்கும், கடைசியில் அதிகாரிகளே அதைக் கொல்லவேண்டி வரும். குட்டியின் முகத்தைக் காட்டுகிற ஒவ்வொரு வீடியோவிலும் அந்தத் தொட்டியையும் ஒருக்காக் காட்டலாம்.

இதை வாசித்துவிட்டு எங்கட கரடியிடம் அமெரிக்கப் பாடத்தை ஒப்பிக்கப் போகவேண்டாம். வன்னியிலும் வில்பத்துவிலும் யாலவிலும் இருப்பது வேற இனம்: கரையான் தின்னும், குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். கறுப்புக் கரடி மரமேறித் தப்பப் பார்க்கிற இடத்தில் இது திடுக்கிட்டால் நேரே பாயும். பாலைப்பழக் காலத்தில் அதுவும் பழத்துக்கு வரும், நாங்களும் போவம். காட்டுக்குள் கதைத்துச் சத்தம் காட்டிக்கொண்டு போனால் அது முன்கூட்டியே விலகிப்போக வழியிருக்கு. இயர்போனை மாட்டிக்கொண்டு போகிற தம்பி தங்கச்சிமாருக்கு இதை யாராவது சொல்லுங்கோ.