முற்றத்து மல்லிகையும் மணக்கும்

உயர்தர வகுப்பு மாணவியர்

நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலம் தீவு எனப்படும் என்பதைச் சிறு வகுப்பிலேயே மனனஞ் செய்து விட்டோம். ஆனால் அந்த நீரில் முழங்கால் அளவுக்கேனும் இறங்கி நின்றவர்கள் எம்மில் எத்தனை பேர்? மன்னார்த் தீவில் பிறந்து, மன்னார் மீனை உண்டு வளர்ந்த நாம், இத்தீவைப் பெரும்பாலும் பஸ் யன்னலூடாகவே அறிந்திருக்கின்றோம். வீட்டிலிருந்து பாடசாலை, பாடசாலையிலிருந்து ரியூசன், ரியூசனிலிருந்து வீடு. இந்த முக்கோணத்துக்கு வெளியேயும் ஒரு தீவு இருக்கின்றது. அதனைப் பெண்பிள்ளைகளும் காலால் நடந்து கண்ணால் கண்டு அறிய வேண்டும் என்பதே எமது கருத்து.

முற்றத்து மல்லிகை மணக்காது என்பது பழமொழி. எமது நிலையும் அதுவே. கல்விச் சுற்றுலா என்றவுடன் கண்டியும் நுவரெலியாவும் எம் நாவில் வருகின்றன. அதே மாதத்தில் வெளிநாட்டவர் பலர் தொலைநோக்கிகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எமது ஊரைத் தேடி வருகின்றனர். அவர்கள் கண்டதில் ஒரு பங்கையேனும் நாம் காண வேண்டாமா?

எமக்கு விருப்பமான இடங்களை வரிசைப்படுத்தச் சொன்னால், முதலிடம் தாம்போதிக்கே. 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய பாலத்தின் வழியாகத் தினமும் எத்தனையோ பேர் போய் வருகின்றோம். கார்த்திகை முதல் மாசி வரை அதன் இருபுறத்து ஆழமற்ற நீரிலும் நடப்பதைக் கவனிப்போர் சிலரே. பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்று நீரை வடித்து இரை தேடும் காட்சியை அதிகாலையில் நின்று பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அவற்றின் இளஞ்சிவப்பு நிறம் பிறப்பிலேயே வந்ததன்று. குஞ்சுகள் சாம்பல் நிறமானவை. உண்ணும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறப்பொருளே இறகில் ஏறுகின்றது. ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்குவதும் இக்காலத்தில்தான். இந்த வங்காலைப் பகுதி 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 2021இல் மன்னாரில் வைத்து உடலில் கருவி பொருத்தப்பட்ட ஒரு கடற்காகம் இங்கிருந்து பறந்து ரஷ்யாவின் ஆர்க்டிக் பிரதேசம் வரை சென்றதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அவ்வளவு தூரத்துப் பறவைக்குத் தெரிந்த மன்னார், அருகிலிருக்கும் எமக்குத் தெரியவில்லை!

அடுத்தது பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரம். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் அராபிய வணிகர்களால் இங்கு கொண்டுவரப்பட்டதென்பது பொதுவான நம்பிக்கை. உயரம் எட்டு மீற்றரைக்கூட எட்டாது. சுற்றளவோ 19 மீற்றருக்கு மேல். எம்மில் பதின்மூன்று பேர் கைகளை அகல விரித்து நின்றாற்தான் அதனைச் சுற்றி வளைக்கலாம். மழைக்காலத்து நீரைத் தன் பருத்த அடிமரத்தில் சேமித்து வைத்துக் கோடையில் இலையுதிர்த்து நிற்கும் அதன் சிக்கனம், வரண்ட மன்னாருக்கே உரிய பாடம். உயிரியல் புத்தகத்தில் படம் பார்ப்பதற்குப் பதிலாக ஒரு பாடவேளையை இம்மர நிழலில் நடத்தினால் என்ன?

எமது தீவுக்கு இரண்டு கடல்கள் உண்டு என்பது இன்னொரு பேறு. வடக்கே பாக்கு நீரிணைப் பக்கம்; தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காற்று வீசும் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். தென்கடல் அடங்கிக் கிடக்கும். சோளகம் எழும்பினால் நிலைமை தலைகீழாகும். ஆதலாற்றான் கடற்றொழிலாளர் காற்றுக்கேற்பக் கரை மாறி வாடி அடிக்கின்றனர். பருவக்காற்றைப் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதும் எம்மிடம், இன்று எந்தக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் என்று கேட்டால் விழிக்கின்றோம். எமது ஐயாமாரோ வாசலில் நின்று முகத்தில் படும் காற்றைக் கொண்டே அதனைச் சொல்லி விடுகின்றனர்.

தலைமன்னாரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1914இல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பற் சேவை தொடங்கியது. 1964 டிசம்பரில் வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. போர்க்காலத்தில் நின்றுபோன புகையிரதம் 2015இல் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறை வரை வந்தது. துருப்பிடித்த பழைய இறங்குதுறையைப் பார்த்து நிற்கையில், வரலாற்றுப் பாடம் உப்புக் காற்றோடு முகத்தில் அடிக்கின்றது. அப்பால் தெரியும் மணற்றிட்டுகளில் ஆலாக்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. அத்திட்டுகள் 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சித்திரை வைகாசியில் நுங்கு, ஆவணியில் பனம்பழம், தையில் கிழங்கு என்று வழிநெடுகிலும் விருந்து வைக்கும் பனந்தோப்புகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இம்மலர் போதாது.

நிற்க. இவ்வளவும் இருந்தும் நாம் ஏன் வெளியே போவதில்லை? மூன்று காரணங்கள் எமக்குச் சொல்லப்படுகின்றன.

"குமர்ப்பிள்ளைகளுக்குக் கடற்கரையில் என்ன வேலை?" என்பது முதலாவது. இதனை நாம் எள்ளி நகையாட மாட்டோம். எமது அம்மாமார் வளர்ந்த காலத்தில் கடற்கரை காவலுக்கும் கெடுபிடிக்கும் உரிய இடமாக இருந்தது. 2009இல் போர் முடிந்தது; ஆனால் முப்பது ஆண்டு அச்சம் ஒரு நாளில் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. அந்த அச்சத்தில் எம்மீதுள்ள அன்பையே காண்கின்றோம். எனினும் பணிவோடு ஒன்று கேட்கின்றோம். தனியே போக வேண்டாம் என்பது நியாயம். ஆசிரியையோடும் பெற்றோரோடும் இருபது பேராகப் போவதற்கும் தடை வேண்டுமா? அச்சத்தைச் சீதனமாகத் தலைமுறைக்குத் தலைமுறை கொடுத்துக் கொண்டே போவதா?

"வெயிலில் கறுத்துப் போவாய்" என்பது இரண்டாவது. கரையில் கருவாடு காயவைக்கும் பெண்கள் விடிந்தது முதல் வெயிலிலேயே நிற்கின்றனர். அவர்களுடைய நிறத்தைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாக நாம் அறியவில்லை. அந்த உழைப்பின் காசிற்தான் எம்மில் பலருக்கு ரியூசன் கட்டணம் கட்டப்படுகின்றது. வெயில் அவர்களுக்கு இழிவில்லையென்றால் எமக்கும் இழிவில்லை.

மூன்றாவது, "படிப்புக் கெட்டுவிடும்" என்பது. மேலே நாம் எழுதியவற்றுள் எது பாடத்திட்டத்துக்குப் புறம்பானது? புவியியல், உயிரியல், வரலாறு யாவும் இத்தீவில் திறந்து கிடக்கின்றன. அன்றியும், நாளை வாக்களிக்கப் போகின்றவர்கள் நாம். தென்கரையில் 2020 முதல் முப்பது காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றாலைகளைப் பற்றியும் கனிய மணலைப் பற்றியும் பெரியவர்கள் வாதிடுகின்றனர். கரையையே காணாதவர்கள் அவ்வாதத்தில் எப்பக்கம் பேசினாலும் அது கிளிப்பிள்ளைப் பேச்சாகவே இருக்கும்.

எல்லாவற்றிலும் எம்மை வெட்கப்பட வைப்பது ஒன்று. 2004ஆம் ஆண்டு புலா சௌத்ரி என்னும் இந்தியப் பெண்மணி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை நீந்திச் சென்றார். 2022இல் ஜியா ராய் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமி அதே கடலை ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். அவர் ஒட்டிசம் நிலையுடைய பிள்ளை. இருவரும் நீரில் இறங்கியது எமது கரையில்! அக்கரையில் பிறந்த எம் வகுப்பிலோ நீந்தத் தெரிந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணி விடலாம். எமது அண்ணன்மாரும் தம்பிமாரும் நடக்கப் பழகிய கையோடு நீந்தப் பழகினர். கடல் எங்கள் வீட்டுச் சோற்றுப்பானை. அதில் விழுந்தால் கரையேறத் தெரியாதவர்களாக எங்களை வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது.

ஆகவே எமது வேண்டுகோள் மூன்று. மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையை எமது தீவுக்கென ஒதுக்கித் தருமாறு அருட்சகோதரிகளையும் ஆசிரியைகளையும் கேட்கின்றோம். ஒரு மாதம் தாம்போதி, மறுமாதம் பள்ளிமுனை, அதற்கடுத்து தலைமன்னார் என்று முறை வைக்கலாம். செலவு பஸ் கட்டணம் மட்டுமே. தகுந்த பயிற்சியாளரைக் கொண்டு மாணவியருக்கு நீச்சல் பழக்க ஆவன செய்யுமாறு பெற்றோரைக் கேட்கின்றோம். எம்மோடு கூட வரவும் அழைக்கின்றோம். கடலின் குணம் அறிந்த அப்பாமார் துணைக்கு இருந்தால் எமக்கு என்ன குறை? தங்கைமாரிடம் கேட்பது ஒன்றே: போகும் இடத்தில் சொப்பிங் பைகளையும் வெற்றுப் போத்தல்களையும் விட்டு வராதீர்கள். அவற்றைத் தின்று மடிவது எமது தெருக் கழுதைகளும் கடலாமைகளுமே.

எம்மில் சிலர் நாளை பல்கலைக்கழகத்துக்குப் போவோம். சிலர் கடல் கடந்தும் வாழப் போவோம். அங்கே யாராவது "உங்கள் ஊர் எப்படி?" என்று கேட்டால், பஸ் யன்னலில் கண்டதைச் சொல்லிச் சமாளிக்கும் நிலை எமக்கு வரக்கூடாது. வாடை தொடங்கிப் பறவைகள் வந்து இறங்கும் முதற் சனிக்கிழமையிலேயே இதனைத் தொடங்குவோம். அனுமதி கிடைக்குமானால், காலை ஆறு மணிக்குப் பாடசாலை வாயிலில் நாம் ஆயத்தமாக நிற்போம்.