வெந்நீருக்குத் தடைக்காலம் எப்போது?

ஏப்ரல் 15 வந்துவிட்டது. சென்னை காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. இனி ஜூன் 14 வரை 61 நாள் இழுவலை இறங்காது. 2017இல் 45 நாள் 61 ஆனபோது இந்த இதழ் அதை ஆதரித்தது, இப்போதும் ஆதரிக்கிறது. ஆனால் எந்த மீனின் சினைக்காக இந்த நாள்கள் என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது.

சென்னைக் கடலின் சங்கராவைப் பற்றி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விவேகானந்தனும் ராஜகோபாலனும் செய்த ஆய்வு வாசகர்களுக்குத் தெரியும். சங்கராவின் (நெமிப்டெரஸ் ஜப்பானிக்கஸ்) சினை மீன்களில் 1980இல் 35.3 சதவீதம் ஏப்ரல்–செப்டம்பரில் கிடைத்தன. 2004இல் அது 5 சதவீதம். மீதி 95 சதவீதமும் அக்டோபர்–மார்ச்சுக்குப் போய்விட்டன. மேல்நீர் சூடேறும் மாதங்களை அந்த மீன் ஏறக்குறைய கைவிட்டுவிட்டது. நம் தடைக்காலமோ அந்த மாதங்களில்தான் விழுகிறது.

பேரன்ட்ஸ் கடலின் காட் மீனுக்கு இந்த நெருக்கடி இல்லை. தன் இரையான கேப்பலின் மீன் கூட்டம் போகும் இடத்துக்கு அதுவும் போகும். குளிர்நீரின் எல்லை நகர்ந்தால் தானும் நகரும். வெப்பம் வேலி போடுகிறது, இரை வழி காட்டுகிறது. நம் கடலில் மீன் ஏற்கெனவே வேலியோரம் நிற்கிறது. அதற்கு மூன்றே வழி: இடம் மாறுவது, ஆழம் போவது, மாதம் மாறுவது. மலபார்க் கரையின் மத்தி நம் கரைக்கு வந்தது முதல் வழி. கானாங்கெளுத்தி பிடிப்பில் கடலடியில் இழுக்கும் இழுவலையின் பங்கு 1985–89இல் 2 சதவீதமாக இருந்து 2003–07இல் 15 சதவீதமானது இரண்டாவது. சங்கரா எடுத்தது மூன்றாவது.

ஒரு மீனை வைத்து நாட்காட்டியைத் திருத்தச் சொல்லவில்லை. பல இன மீன்பிடிப்பில் அது எளிதும் அல்ல. இனவாரியாகச் சினைக் கணக்கை மறுபடி எடுத்து, தேதிகளை அதன் எதிரே வைத்துப் பாருங்கள் என்கிறோம்.

இந்த மூன்று வழியும் இல்லாத ஓர் இடம் எண்ணூர் கழிமுகம். இறால் குஞ்சு ஓதத்தோடு உள்ளே வந்து, சேற்றில் மேய்ந்து வளர்ந்து, கடலுக்குத் திரும்ப வேண்டும். மடவைக் குஞ்சுக்கும் அதே வாசல். அந்த வாசலில்தான் வட சென்னை அனல்மின் நிலையத்தின் வெந்நீர் வந்து சேர்கிறது. இரை வளரும் அடித்தளத்தில் சாம்பல் படிந்திருக்கிறது.

இந்த வெந்நீருக்கான விதியைப் பாருங்கள். 1999 ஜூன் 1க்குப் பிறகு வந்த, கடல்நீரைப் பயன்படுத்தும் அனல்மின் நிலையங்களுக்கு, வெந்நீரை ஏற்கும் நீரின் வெப்பத்தைவிட 7 டிகிரி வரை கூடுதலாக அனுமதி. எங்கே, எந்த ஆழத்தில், எந்த மாதத்தில் அளந்த வெப்பம்? அந்த வரியில் பதில் இல்லை. ஏற்கெனவே சூடேறிய கழிமுகத்தை அளந்து அதன்மேல் 7 சேர்த்தாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கும். அதற்கு முந்தைய நிலையங்களுக்கோ, கண்டென்சரில் நுழையும் நீருக்கும் வெளிவரும் நீருக்கும் 10 டிகிரி வித்தியாசம் வரை போகலாம். 1990களில் வந்த வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலையிலுள்ள மூன்று 210 மெகாவாட் அலகுகளும் இந்தப் பிரிவில்தான். 29 டிகிரியில் உள்ளே போகும் நீர் 39 டிகிரியில் வெளியே வந்தாலும் இந்த வரம்பின்படி மீறல் இல்லை. கடலின் சிறு வெப்ப உயர்வுக்கே ஒரு மீன் தன் பருவத்தை மாற்றிக்கொண்ட கரை இது. 2018 ஜூனிலும் நீர்ப் பயன்பாட்டு வரம்பிலிருந்து கடல்நீர் நிலையங்களுக்கு விலக்குதான் கிடைத்தது.

முகத்துவாரத்தின் அன்றாட வெப்ப அளவைக் கேட்டு நாங்கள் எழுதாத அலுவலகம் இல்லை. ஒன்று இன்னொன்றைக் கைகாட்டும். அந்த இன்னொன்று முதலாவதைக் கைகாட்டும். அளவு கேட்டால் 'வரம்புக்குள் உள்ளது' என்று ஒரு வரி வரும், எண் வராது. வலைக்கண்ணியின் அளவைக் கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு. கழிமுகத்தின் வெப்பத்தைக் கேட்க அதன் கரையிலுள்ள காட்டுக்குப்பத்து மீனவருக்கு உரிமை இல்லையா? அவர் சொன்னால் அது 'அனுபவம்'. அலுவலகம் சொன்னால் மட்டும் 'தரவு'. படகுக்கு ஆண்டில் 61 நாள் ஓய்வு விதித்த அரசு, வெந்நீருக்கு ஒரு நாள்கூட விதிக்கவில்லை.

தடையை மதிப்போம். ஆனால் முகத்துவாரத்திலும், நீர் எடுக்கும் வாயிலிலும், நெட்டுக்குப்பத்துக்கு வெளியே கடலிலும் நிரந்தர வெப்பமானிகள் வேண்டும். அளவுகள் தினமும் பொதுவில் வர வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த 61 நாளில் கழிமுகப் பக்கம் போகும் வாசகர்கள் கையில் ஒரு வெப்பமானி எடுத்துச் செல்லுங்கள். இடம், நேரம், ஆழம், ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதைக் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். தடை முடிந்து வரும் இதழில் அந்த எண்களை அட்டவணையாக அச்சிடுவோம்.