கால் வலியும் ஒரு மாத்திரையும்

கடைத் தெருவுக்குப் புறப்பட்ட பெரியவர் நூறு கஜம் நடந்ததும் கெண்டைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். இரண்டு நிமிஷம் நின்றால் வலி மறைகிறது. நடந்தால் மறுபடியும் வருகிறது. "வயதாகிவிட்டது, வாயு" என்று சொல்லி வீட்டார் தைலம் தேய்க்கிறார்கள். வயதின் மேல் பழி போடுவது சுலபம்; அது மறுத்துப் பேசாது அல்லவா?

காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுவதாலும் இப்படி நேர்கிறது. நிற்கையில் போதுமாயிருக்கும் ரத்தம் நடக்கையில் போதாமற் போகவே, தசை முறையிடுகிறது. இவ்வியாதியை முதலில் கண்டது குதிரையிடம் என்றால் நேயர்கள் வியப்படைவார்கள். பிரான்ஸ் தேசத்து மிருக வைத்தியர் பூலே 1831-ல் குதிரையிடம் கண்டதை, ஷார்கோ என்ற டாக்டர் 1858-ல் மனிதனிடம் கண்டெழுதினார்.

இதற்கு 'ஸிலோஸ்டஸால்' என்றொரு மாத்திரை உண்டு. ஜப்பானில் தோன்றிய இம்மருந்து 1999-ல் அமெரிக்க சர்க்காரின் அனுமதி பெற்றது. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுத்து, குழாயையும் சற்று விரியச் செய்கிறது. வழக்கமான அளவு 100 மில்லிகிராம். தினம் இரு வேளை, ஆகாரத்துக்கு அரைமணி முன்போ இரண்டு மணி பின்போ. பலன் தெரியச் சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். வலியின்றி நடக்கும் தூரம் கூடுமே தவிர, அடைப்புக் கரைந்துவிடாது. தலைவலி, படபடப்பு, பேதி ஆகியவை சிலருக்கு உண்டாகலாம்.

முக்கியமான விஷயம் ஒன்று. ஹிருதயம் பலஹீனப்பட்டு ரத்தத்தைச் சரிவர இறைக்க இயலாதவர்கள் இதைத் தொடவே கூடாது. இதே இனத்து வேறொரு மருந்து அத்தகைய நோயாளிகளிடையே மரணத்தை அதிகரித்ததாக 1991-ல் வெளியான ஆராய்ச்சியில் தெரியவந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமாயிற்று என்று சீட்டைக் கடன் வாங்கும் நம் வழக்கத்தை நினைத்தால் நமக்குப் பயமாயிருக்கிறது.

மாத்திரைக்கு முன்பே டாக்டர்கள் சொல்வது நடைதான். வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது. வாரம் மூன்று நாளாவது, மூன்று மாதம். சுருட்டு, பீடி, சிகரெட்டை அடியோடு விடவேண்டும். நீரிழிவையும் ரத்த அழுத்தத்தையும் அடக்கி வைக்கவேண்டும். காலில் குறுகிய குழாய் ஹிருதயத்திலும் மூளையிலும் குறுகியிருக்கக் கூடும்.

படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, விரலில் புண் ஆறாமலிருந்தாலோ தாமதமின்றி டாக்டரிடம் காட்டவேண்டும். கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்தால், அந்த மணியே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.