பாதம் கழுவினால் போதுமா?

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் பங்குத்தந்தை மேலாடையைக் களைந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பீடத்தின் முன் அமர்ந்திருக்கும் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைக்கிறார். நற்கருணை ஏற்படுத்தப்பட்டதை நினைவுகூரும் நாள் அது. ஆனாலும் அன்று வாசிக்கப்படும் நற்செய்தி, யோவான் 13ஆம் அதிகாரத்தின் பாதம் கழுவும் நிகழ்ச்சிதான். மற்ற மூன்று நற்செய்தியாளர்களும் அப்பத்தையும் இரசத்தையும் சொல்லும் இடத்தில், யோவான் தண்ணீரையும் துண்டையும் வைக்கிறார். திருச்சபை இரண்டையும் ஒரே மாலையில் சேர்த்துச் செபிக்கிறது. பிறர் காலடியில் குனிய மறுப்பவருக்குப் பந்தியின் பொருள் விளங்காது என்பதே இதன் உட்பொருள் என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

ஆனால் மறையுரைகள் பெரும்பாலும் இதைத் 'தாழ்ச்சி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. இங்கேதான் நமக்குச் சிக்கல். தாழ்ச்சியை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஊர்த் தெருவில் நடக்கும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நம் பாட்டன்மாரைக் கட்டாயப்படுத்தினார்கள். அதற்குப் பெயர் தாழ்ச்சியல்ல, சாதி. இயேசு இடுப்பில் துண்டைக் கட்டியது இதற்கு நேர் எதிரான செயல். அவர் போதகர், ஆண்டவர் என்று அழைக்கப்பட்டவர். அன்றைய உலகில் அடிமைகளுக்கும் பணியாளர்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்த வேலையை, மேலே இருந்தவர் தாமே விரும்பிச் செய்தார். ஆகவே இந்நிகழ்ச்சி குனிந்தே பழக்கப்பட்டவர்களை இன்னும் குனியச் சொல்லவில்லை. நிமிர்ந்தே பழகியவர்களைப் பார்த்துப் பேசுகிறது.

பேதுரு மறுத்ததையும் இப்படிப் பாருங்கள். அதைப் பக்தி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தலைவரே காலடிக்கு வந்துவிட்டால், மேல் கீழ் என்ற வரிசையே குலைந்துவிடும். அந்த வரிசையில் பேதுருவுக்கும் ஓர் இடம் இருக்கிறது. நாளை அவரும் குனிந்தாக வேண்டும். சாதியின் இயக்கமும் இதுதான். ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவரைக் காட்டி, வரிசையைக் காப்பாற்ற வைக்கிறது. யோவானின் விவரிப்பில், காட்டிக்கொடுக்கப்போகும் யூதாசு வெளியேறுவது பாதங்கள் கழுவப்பட்ட பிறகே. தகுதி பார்த்துத் தொடவில்லை என்பதும் இதில் அடக்கம்.

தமிழ்நாட்டுத் திருச்சபை இந்தச் செபத்தை எப்படி வாழ்ந்தது? நோயுற்ற பறையர் வீடுகளுக்குக் குருக்கள் செல்ல வேண்டும் என்று 1704-இல் திருத்தந்தையின் தூதர் டூர்னோன் ஆணையிட வேண்டியிருந்தது. சாதி ஆசாரத்துக்காகக் குருக்களே அந்த வாசற்படியைத் தவிர்த்தார்கள் என்பதே அதன் பின்னணி. 1744-இல் கண்ட தீர்வு, பறையருக்கென்று தனிக் குருக்கள்! பாதம் கழுவிய ஆண்டவரின் பணியாளர்களையே சாதி இரண்டாகப் பிரித்தது.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த மோதல் துப்பாக்கிச் சூடு வரை போனது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் சுவர் செத்த பிறகும் சாதி விடாது என்பதற்குச் சாட்சி. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது.

சடங்கு மாறாதது என்றும் சொல்ல முடியாது. பாதம் கழுவுதலைப் பெரிய வியாழன் திருப்பலிக்குள் கொண்டுவந்தது 1955-இல் 12ஆம் பயஸ் செய்த சீர்திருத்தம். 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் ஒரு சிறார் சிறைக்குச் சென்று, ஓர் இசுலாமியப் பெண் உட்பட 12 பேரின் பாதங்களைக் கழுவினார். 2016-இல் பெண்களையும் சேர்த்துக்கொள்ள முறைப்படி விதி மாற்றப்பட்டது. மனமிருந்தால் கதவு திறக்கும்.

ஆனால் சடங்கு மட்டும் நடந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமர் 5 துப்புரவுத் தொழிலாளர்களின் கால்களைக் கழுவினார். படங்கள் நாடெங்கும் போயின. மலக்குழி மரணங்கள் நிற்கவில்லை. 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவ தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதியை இன்றும் மறுக்கிறது. அரசிடம் அந்த உரிமையைக் கேட்கும் ஆயர்கள், தங்கள் நிறுவனங்களுக்குள்ளும் அதே நீதியைக் காட்டினால்தான் குரலுக்கு வலு இருக்கும்.

ஆகவே தோழர்களே, அடுத்த பெரிய வியாழனுக்கு முன் உங்கள் பங்குப் பேரவையில் எழுந்து கேளுங்கள். பன்னிரண்டு பேரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், சேரித் தெருவிலிருந்து எத்தனை பேர்? திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது? கல்லறைத் தோட்டம் பொதுவா? பங்குப் பள்ளியின் ஆசிரியர் நியமனங்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

இவற்றை அரசியல் என்று ஒதுக்குவார்கள். தாம் செய்ததுபோலவே நீங்களும் செய்ய வேண்டும் என்றுதான் இயேசு அந்த இரவில் சொன்னார். அதைச் செய்தீர்களா என்று கேட்பதும் செபம்தான்.